ஜனவரி அரை மாரத்தானுக்கு 16 வாரம்: சென்னைத் தெருக்களில் தனியாகவும் குழுவோடும் பயிற்சி

சென்னையில் ஆண்டுதோறும் ஜனவரித் தொடக்கத்தில் நடக்கும் மாரத்தானில் அரை தூரம், அதாவது 21.1 கி.மீ., ஓட நினைப்பவர் செப்டம்பர் நடுவில் பயிற்சியைத் தொடங்கிவிட வேண்டும். சிக்கல் என்னவென்றால், அந்த 16 வாரத்தில் பெரும்பகுதி இந்த ஊரில் ஓடுவதற்கு ஆகாத காலம். செப்டம்பரில் விடியற்காலையிலேயே புழுக்கம். அக்டோபர் பாதியில் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொள்ளும். இடையில் தீபாவளிப் புகை. டிசம்பர் பாதிக்கு மேல்தான் காலைக் காற்றில் குளிர்ச்சி தெரியும். குளிர் நாட்டுக்காரர்களுக்காக எழுதிய அட்டவணையை அப்படியே எடுத்து ஓடினால் ஆறாவது வாரத்தில் முழங்கால் வலியோ, தீராத அசதியோ வந்து நிற்பது இதனால்தான்.

இந்த வழிகாட்டி முழுக்க ஒரு விஷயத்தைச் சுற்றியே போகும். தனி ஓட்டத்துக்கு ஒரு வேலை, குழு ஓட்டத்துக்கு இன்னொரு வேலை. தனியாக ஓடும் நாளில் மெதுவாக ஓடப் பழக வேண்டும். குழுவோடு ஓடும் நாளில் தூரமும் வேகமும் கூட வேண்டும். இரண்டையும் கலந்து, எல்லா நாளும் பக்கத்தில் ஓடுபவரின் வேகத்துக்கு ஓடுவதுதான் இங்கே பல காயங்களுக்கு மூல காரணம்.

தொடங்கும் முன் பார்க்க வேண்டியவை

வாரத்தில் மூன்று நாள், நிற்காமல் 5 கி.மீ. ஓடும் பழக்கம் குறைந்தது இரண்டு மாதமாவது இருக்க வேண்டும். அது இல்லையென்றால் இந்த ஆண்டு 10 கி.மீ. பிரிவில் பெயர் கொடுங்கள். அடுத்த ஆண்டு அரை மாரத்தான் தானாக வரும். 40 வயது தாண்டியவர்கள், சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்கள், வீட்டில் இளவயதில் மாரடைப்பு வந்த உறவினர் இருப்பவர்கள் மருத்துவரைப் பார்த்து இசிஜி எடுத்துக்கொண்டு தொடங்க வேண்டும். பெண்கள் ஹீமோகுளோபினோடு ஃபெரிட்டினையும் (உடலில் சேமிப்பில் உள்ள இரும்பின் அளவைக் காட்டுவது) சேர்த்துப் பரிசோதிப்பது நல்லது. இரும்புச்சத்து குறைவாக இருந்தால் எவ்வளவு ஒழுங்காகப் பயிற்சி செய்தாலும் மூச்சு வாங்குவது குறையாது. சாப்பிட்ட கையோடு காபி, டீ குடிக்கும் பழக்கம் இரும்பு உடலில் சேர்வதைக் குறைக்கும். ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடியுங்கள்.

ஷூவில் கட்டைவிரலுக்கு முன்னால் அரை அங்குலம் இடம் இருக்க வேண்டும். மாலையில், கால் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில் போட்டுப் பார்த்து வாங்குங்கள். ஒரு ஜோடி பொதுவாக 500 முதல் 800 கி.மீ. வரை தாங்கும். இங்கே இரண்டு ஜோடி தேவைப்படுவது ஆடம்பரத்துக்காக அல்ல. மழையில் நனைந்த ஷூ ஒரே நாளில் காயாது. ஈர ஷூவில் மறுநாள் ஓடினால் கொப்புளம் நிச்சயம். நனைந்தால் உள்தகட்டை உருவிவிட்டு, செய்தித்தாளைக் கசக்கித் திணித்து, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை தாளை மாற்றி, ஃபேனடியில் வையுங்கள். வெயிலில் போட்டால் ஒட்டுப் பசை விட்டுவிடும்.

உங்கள் வேகம் எது என்று கண்டுபிடிப்பது

முதல் வாரத்தில் சமதளப் பாதையில் 10 கி.மீ. முழு முயற்சியோடு ஓடிப் பாருங்கள். அவ்வளவு தூரம் இன்னும் வரவில்லை என்றால் 5 கி.மீ. போதும். பீட் ரீகல் என்பவரின் சூத்திரம் ஒன்று ஓட்டக்காரர்களிடையே பரவலாகப் புழங்குகிறது. அதன்படி 10 கி.மீ. நேரத்தை 2.2ஆல் பெருக்கினால் அரை மாரத்தான் நேரம் கிடைக்கும், 5 கி.மீ. நேரம் என்றால் 4.6ஆல் பெருக்க வேண்டும். 10 கி.மீ.யை 65 நிமிடத்தில் ஓடுபவருக்கு 2 மணி 23 நிமிடம் என்று வரும். வாரத்துக்கு 40 கி.மீ.க்கும் குறைவாக ஓடும் முதல்முறைக்காரருக்கு அந்தக் கணக்கு கொஞ்சம் தாராளம். நான்கைந்து நிமிடம் கூட்டி 2 மணி 28 நிமிடம் என்று இலக்கு வைப்பதே நியாயம். அது கிலோமீட்டருக்கு 7 நிமிடம்.

இந்த 65 நிமிடக்காரரையே எடுத்துக்கொள்வோம். அவருடைய ஈஸி ரன், அதாவது பேசிக்கொண்டே ஓடக்கூடிய மெதுவான ஓட்டத்தின் வேகம், கிலோமீட்டருக்கு 7:45 (7 நிமிடம் 45 விநாடி) முதல் 8:30 வரை. டெம்போ, அதாவது ஏறக்குறைய ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்கக்கூடிய வேகம், 6:30 முதல் 6:40. போட்டி வேகம் 7:00. ஈஸிக்கும் டெம்போவுக்கும் நடுவே ஒரு நிமிடத்துக்கு மேல் இடைவெளி இருப்பதைக் கவனியுங்கள். அந்த இடைவெளியை நம்ப முடியாமல்தான் பலர் தினமும் 7:00 வேகத்தில் ஓடுகிறார்கள். அது உடல் தேறுவதற்கு வேகமாகவும், வேகம் கூட்டுவதற்கு மெதுவாகவும் அமைந்து, இரண்டு பயனையும் கெடுக்கிறது.

செப்டம்பர், அக்டோபரில் வாட்ச் காட்டும் வேகத்தை நம்பாதீர்கள். விடியற்காலையிலும் 25 டிகிரிக்குக் குறையாத வெப்பமும் 80 சதவீதத்தைத் தாண்டும் ஈரப்பதமும் இருக்கும்போது வியர்வை ஆவியாகாமல் சொட்டிக்கொண்டே இருக்கும், உடல் குளிராது. தோலைக் குளிர்விக்க ரத்தம் அங்கே திரும்புவதால், அதே வேகத்துக்கு இதயம் கூடுதலாகத் துடிக்க வேண்டியிருக்கிறது. அந்த நாட்களில் முழு வாக்கியமாகப் பேச முடிகிறதா என்பது மட்டுமே அளவுகோல். வேகம் 8:45 ஆனாலும் கவலை வேண்டாம். டிசம்பரில் அதே மூச்சுக்கு 8:00 வரும்.

வாரத்தின் அமைப்பு

நான்கு நாள் ஓட்டம் போதும். செவ்வாய் தனியாக ஈஸி ரன். வியாழன் குழுவோடு வேகப் பயிற்சி. சனி தனியாகக் குறுகிய ஓட்டம். ஞாயிறு குழுவோடு லாங் ரன், அதாவது வாரத்தின் மிக நீண்ட ஓட்டம். திங்களும் வெள்ளியும் ஓய்வு. புதன் 20 நிமிடம் வலுப்பயிற்சி. சனிக்கிழமை ஓட்டம் முடிந்ததும் அதையே இன்னொரு முறை.

ஞாயிறு லாங் ரன் தூரம் இப்படி வளர வேண்டும்:

1 முதல் 4ஆம் வாரம்: 7, 8, 9, 7 கி.மீ.
5 முதல் 8: 10, 11, 12, 9
9 முதல் 12: 13, 14, 15, 11
13 முதல் 16: 17, 18, 12, போட்டி

ஒவ்வொரு நான்காவது வாரமும் தூரம் இறங்குவதைத் தவிர்க்காதீர்கள். இதயமும் நுரையீரலும் சில வாரங்களிலேயே தேறிவிடும். தசைநாரும் எலும்பும் அவற்றைவிட வெகு மெதுவாகத்தான் பழகும். இறங்கும் வாரம் அவற்றுக்கானது. தீபாவளி வரும் வாரத்தை இறங்கும் வாரமாக மாற்றிக்கொள்வது வசதி. பட்டாசுப் புகை தாழ்வாகத் தங்கியிருக்கும் மறுநாள் காலையில் வெளியே ஓடக் கூடாது.

செவ்வாய் ஓட்டம் 5 கி.மீ.யில் தொடங்கி 8 வரையும், சனி 3இல் தொடங்கி 5 வரையும் போகட்டும். ஆக, முதல் வாரம் சுமார் 20 கி.மீ.; உச்ச வாரம் 39.

வியாழன்: முதல் நான்கு வாரம் வேகப் பயிற்சியே வேண்டாம். 5 கி.மீ. மெதுவாக ஓடிவிட்டு, 20 விநாடி வேகமாக, ஒரு நிமிடம் நடை என்று ஆறு முறை செய்தால் போதும். 5 முதல் 8 வரை, 800 மீட்டரை 10 கி.மீ. போட்டி வேகத்தில் நான்கு முறையில் தொடங்கி ஆறு முறைக்குக் கொண்டுபோங்கள். இடையில் இரண்டு நிமிடம் நடை. 9 முதல் 13 வரை டெம்போ: முதலில் 10 நிமிடம் இரண்டு முறை, பிறகு மூன்று முறை, கடைசியில் 25 நிமிடம் தொடர்ச்சியாக. 14ஆம் வாரம் 2 கி.மீ. மூன்று முறை, போட்டி வேகத்தில். எல்லாவற்றுக்கும் முன்னும் பின்னும் 10 நிமிடம் மெதுவான ஓட்டம் உண்டு.

வலுப்பயிற்சிக்கு ஜிம் தேவையில்லை. படிக்கட்டின் விளிம்பில் முன்பாதம் வைத்து குதிகாலை ஏற்றி இறக்குவது 15 முறை, மூன்று சுற்று. ஆறாவது வாரத்திலிருந்து ஒற்றைக் காலில். உட்கார்ந்து எழுவது 12 முறை, மூன்று சுற்று. மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்குவது 15 முறை, இரண்டு சுற்று. பக்கவாட்டு பிளாங்க் (முழங்கையை ஊன்றி, பக்கவாட்டில் உடலை நேராகத் தூக்கி நிறுத்துவது) பக்கத்துக்கு 30 விநாடி. கெண்டைக்காலைப் பலர் கவனிப்பதே இல்லை. குதிகால் வலியும் அக்கிலிஸ் (குதிகாலுக்கு மேலுள்ள தசைநாண்) வலியும் பல நேரம் அங்கிருந்துதான் கிளம்புகின்றன.

தனி ஓட்டம்

செவ்வாய்க்கும் சனிக்கும் வீட்டுக்குப் பக்கத்திலேயே இடம் தேடுங்கள். லஸ் நாகேஸ்வரராவ் பூங்கா, அண்ணா நகர் டவர் பார்க், ஷெனாய் நகர் திரு.வி.க. பூங்கா போன்றவற்றின் சுற்றுப்பாதைகளில் வண்டித் தொல்லை கிடையாது. நடைப்பயிற்சிக்கு வருபவர்கள் சுற்றும் திசையிலேயே நீங்களும் சுற்றுங்கள். ஆனால் ஒரே திசையில் சிறிய வட்டத்தை 20 முறை சுற்றினால் உட்பக்கக் காலின் முழங்காலும் இடுப்பும் இழுக்கும். இருபது நிமிடத்துக்குப் பிறகு வெளியே வந்து நேர்த்தெருவில் முடிப்பது நல்லது.

சாலையில் ஓடினால் வலப்பக்கம், எதிரே வரும் வண்டி கண்ணில் படும்படி ஓடுங்கள். மழைநீர் வடிய சாலையின் நடு உயர்ந்தும் ஓரம் தாழ்ந்தும் இருக்கும். எப்போதும் வல ஓரத்தில் ஓடுபவரின் வலது கால் எப்போதும் பள்ளத்தில்தான் விழும். வாரக்கணக்கில் இப்படியே போனால் ஒரு பக்க முழங்காலின் வெளிப்புறத்தில் மட்டும் குத்தும். ஒரு பக்க வலி வந்தால் ஷூவை மாற்றுவதற்கு முன் ஓடும் சாலையை மாற்றிப் பாருங்கள். வாரத்தில் ஒரு நாளாவது மெரினா நடைபாதை மாதிரி சமதளம் வேண்டும். நேப்பியர் பாலத்திலிருந்து கலங்கரை விளக்கம் வரை ஒரு பக்கம் மட்டும் ஏறத்தாழ 3 கி.மீ. தட்டையாகக் கிடைக்கும்.

இருட்டில் கிளம்புபவர்கள் ஒளி எதிரொளிக்கும் பட்டை போட்ட சட்டை அணிய வேண்டும். இரு காதிலும் இயர்போன் வேண்டாம். பெயர், ரத்த வகை, வீட்டு எண் எழுதிய சீட்டு பையில் இருக்கட்டும். கைபேசியில் இருப்பிடத்தை வீட்டில் ஒருவருக்குப் பகிர்ந்துவிட்டுக் கிளம்புங்கள்.

நாய் துரத்தினால் ஓட்டத்தை நிறுத்திவிடுங்கள், ஓடினால்தான் துரத்தும். நின்று, நேருக்கு நேர் முறைக்காமல், மெதுவாகப் பின்வாங்கி நடந்து அதன் எல்லையைத் தாண்டுங்கள். கடித்தாலோ பிறாண்டினாலோ 15 நிமிடம் சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு, அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய் ரேபிஸ் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். அரசு மருத்துவமனையில் இலவசமாகக் கிடைக்கிறது.

குழு ஓட்டம்

2006இல் தொடங்கிய சென்னை ரன்னர்ஸ் அமைப்புக்கு நகரின் பல பகுதிகளிலும் கிளைகள் இருக்கின்றன. வேறு சிறு குழுக்களும் உண்டு. சேரும் முன் ஒரு ஞாயிறு போய்ப் பாருங்கள். உங்கள் வேகத்தில் குறைந்தது மூன்று பேராவது இருக்கிறார்களா, வழியில் தண்ணீர் வைக்கிறார்களா, கடைசியாக வருபவருக்காக யாராவது காத்திருக்கிறார்களா என்று கவனியுங்கள். மூன்றாவது இல்லாத குழு புதியவருக்கு ஏற்றதல்ல.

குழுவில் நடக்கும் தவறு பெரும்பாலும் ஒரே விதம்தான். 7:45 வேகத்தில் கிளம்பும் கூட்டம் பேச்சுச் சுவாரசியத்தில் மூன்றாவது கிலோமீட்டரில் 7:10க்கு வந்துவிடும். யாரும் வேண்டுமென்று வேகம் கூட்டியிருக்க மாட்டார்கள். ஒருவர் அரை அடி முன்னால் போவார், பக்கத்தில் இருப்பவர் எட்டிப் பிடிப்பார், முன்னால் போனவர் இன்னும் அரை அடி நகர்வார். இதற்கு மருந்து: வேகத்தைக் காக்கும் பொறுப்பை முன்கூட்டியே ஒருவருக்குக் கொடுத்துவிடுவது. அவர் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் வேகத்தைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். அவரைத் தாண்டி யாரும் போகக் கூடாது. யாருக்காவது வாக்கியத்தின் நடுவில் மூச்சு வாங்கினால் அந்தக் குழு அவருக்கு வேகம் அதிகம். அடுத்த மெதுவான குழுவுக்கு மாறச் சொல்லுங்கள். இதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை. ஞாயிறு லாங் ரன்னை மெதுவாக முடித்தவர்தான் வியாழன் டெம்போவைச் சரியாக ஓடுவார்.

இருவர் இருவராக மட்டும் ஓடுங்கள். பள்ளம், கம்பி, வண்டி எதுவானாலும் முன்னால் போகிறவர் குரல் கொடுத்து, கையால் காட்ட வேண்டும். பின்னால் வருபவருக்கு முன்னே இருப்பவரின் முதுகு மட்டுமே தெரியும். திடீரென்று நிற்காதீர்கள், ஓரமாக ஒதுங்கி, கையைத் தூக்கி, பிறகு நில்லுங்கள்.

ஞாயிறு வழிக்கு எலியட்ஸ் பீச்சில் தொடங்கி அடையாறு, திரு.வி.க. பாலம், சாந்தோம் வழியாக மெரினா போய்த் திரும்புவது வசதி. தட்டையான இந்த ஊரில் பாலம்தான் மலை. ஏற்றத்தில் வேகத்தை விட்டுவிட்டு மூச்சை மட்டும் சீராக வையுங்கள். அடியைச் சிறிதாக்கிக்கொண்டால் போதும். 11, 13ஆம் வார லாங் ரன்களில் கடைசி 4 கி.மீ.யைப் போட்டி வேகத்தில் முடியுங்கள். 14ஆம் வாரத்து 18 கி.மீ. முழுக்க மெதுவாகவே இருக்க வேண்டும். அன்றைக்கு வேகத்தைச் சோதிப்பவர்கள் போட்டியை இரண்டு வாரம் முன்னதாகவே ஓடி முடித்துவிடுகிறார்கள்.

18 கி.மீ.யைத் தொடர்ந்து ஓட முடியாதவர்கள் அமெரிக்கப் பயிற்சியாளர் ஜெஃப் காலோவே பரப்பிய முறையில் ஓடி நடக்கலாம்: நான்கு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை. முதல் நிமிடத்திலிருந்தே அப்படிச் செய்தால்தான் பலன். களைத்தபின் நடப்பது வேறு. இதைப் பின்பற்றும் நால்வர் சேர்ந்தால் தனிக் குழுவாகவே ஓடலாம்.

தண்ணீரும் சாப்பாடும்

உங்களுக்கு எவ்வளவு வியர்க்கிறது என்பதை ஒரு ஞாயிறு அளந்து பாருங்கள். ஒரு மணி நேர ஓட்டத்துக்கு முன்னும் பின்னும், உடம்பைத் துடைத்துவிட்டு, எடை பார்க்க வேண்டும். முன்பு 68 கிலோ, பின்பு 66.9, நடுவில் குடித்தது 300 மில்லி என்றால், ஒரு மணி நேரத்துக்கு 1.4 லிட்டர் வியர்வை. அத்தனையையும் ஓடும்போதே குடித்து ஈடுகட்ட முயல வேண்டாம், வயிறு தாங்காது. மணிக்கு 400 முதல் 600 மில்லி போதும். வெறும் தண்ணீரை வயிறு முட்டக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் குறைந்து தலைவலி, வாந்தி, குழப்பம் வரும், அது ஆபத்தானது. ஓட்டம் முடிந்து எடை கூடியிருந்தால் தேவைக்கு மேல் குடித்திருக்கிறீர்கள்.

ஒரு மணி நேரத்தைத் தாண்டும் ஓட்டத்துக்கு ஓஆர்எஸ் (தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்பு, சர்க்கரைப் பொடி) நல்லது. பாக்கெட்டில் உலக சுகாதார நிறுவன ஃபார்முலா என்று அச்சாகியிருக்க வேண்டும். பாக்கெட்டில் எழுதியிருக்கும் அளவு தண்ணீரில் கரைக்க வேண்டும், கூட்டவோ குறைக்கவோ கூடாது. இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு. ஓட்டம் முடிந்து குடிக்கலாம். அதோடு உப்புப் போட்ட நீர்மோரும் சேர்ந்தால் சரியாகும்.

கிளம்புவதற்கு 45 நிமிடம் முன் ஒரு வாழைப்பழம், அல்லது ஜாம் தடவிய இரண்டு ரொட்டித் துண்டு. முதல் நாள் இரவு இட்லி, இடியாப்பம், தயிர் சாதம் எதுவானாலும் எட்டு மணிக்குள். நெய் ஊற்றிய பொங்கல், கொண்டைக்கடலை, பரோட்டா வேண்டாம். கொழுப்பும் நார்ச்சத்தும் மெதுவாகச் செரிப்பதால் காலையில் வயிறு கனக்கும். 90 நிமிடத்துக்கு மேல் ஓடும் நாளில் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து வேண்டும். ஓடும்போது பிழிந்து சாப்பிடும் எனர்ஜி ஜெல் ஒரு பாக்கெட்டில் பொதுவாக 20 முதல் 25 கிராம் இருக்கும். ஜெல் ஒத்துக்கொள்ளாதவர்கள் கொட்டை நீக்கிய பேரீச்சம்பழம் வைத்துக்கொள்ளலாம். 40ஆவது நிமிடத்தில் தொடங்கி 35 நிமிடத்துக்கு ஒருமுறை, தண்ணீரோடு. எதுவானாலும் குறைந்தது மூன்று லாங் ரன்னில் சோதித்துப் பார்த்ததாக இருக்க வேண்டும்.

மழைக் காலம்

தூறலில் ஓடலாம். பருத்திச் சட்டை மட்டும் வேண்டாம். நனைந்து கனத்து, அக்குளிலும் தொடையிடுக்கிலும் தோலை உரித்துவிடும். அந்த இடங்களில் வாசலின் தடவுங்கள். ஆண்கள் மார்க்காம்பில் பிளாஸ்டர் ஒட்டிக்கொள்ளலாம். இடி கேட்டால் உடனே ஏதேனும் கட்டடத்துக்குள் போய்விடுங்கள்.

தேங்கிய தண்ணீரில் கால் வைக்காதீர்கள். அடியில் மூடியில்லாத குழி இருக்கலாம். ஓரத்து மின்பெட்டியிலிருந்து மின்சாரம் கசியலாம். காலில் வெடிப்போ புண்ணோ இருந்தால் எலிக் காய்ச்சலும் வரலாம். தவிர்க்க முடியாமல் நனைந்தால் வீட்டுக்கு வந்ததும் சோப்பு போட்டுக் கழுவித் துடையுங்கள். ஒரு வாரம் முழுக்கக் கொட்டினால் டிரெட்மில்லில் 1 சதவீத ஏற்றம் வைத்து ஓடலாம், அல்லது அடுக்குமாடிப் படிக்கட்டில் 25 நிமிடம் ஏறி இறங்கலாம். தவறிய லாங் ரன்னை அடுத்த வாரத்தில் சேர்த்துக் கூட்டாதீர்கள். ஒன்று போனால் போகட்டும். இரண்டு தொடர்ந்து தவறினால் விட்ட இடத்துக்கு ஒரு படி பின்னால் போய்த் தொடருங்கள்.

வலி வந்தால்

ஓட ஓடக் குறையும் இறுக்கம் பயப்பட வேண்டியதல்ல. ஓட ஓடக் கூடும் வலி, நடையை மாற்றவைக்கும் வலி, ஒரு விரலால் தொட்டுக் காட்டக்கூடிய எலும்பு வலி என்றால் அன்றே நிறுத்துங்கள். முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் ஒரே புள்ளியில் வலித்தால் அது நுண்விரிசலாக இருக்கலாம். எலும்பு மருத்துவரைப் பார்க்காமல் ஓடக் கூடாது. வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடுவது இரட்டைக் கேடு: வலி மறைந்து காயம் பெருகும், நீரிழந்த உடலில் ஐபுப்ரொஃபென் போன்றவை சிறுநீரகத்தைப் பாதிக்கும்.

கடைசி இரண்டு வாரமும் போட்டியும்

15ஆம் வாரம் தூரத்தை மூன்றில் ஒரு பங்கு குறையுங்கள். 16ஆம் வாரம் 4 கி.மீ. இரண்டு முறை போதும். கால் துறுதுறுக்கும், இல்லாத வலியெல்லாம் தெரியும். இயல்புதான். ஜனவரி 1 விடியலில் மட்டும் சாலையில் ஓடாதீர்கள். இரவெல்லாம் கொண்டாடிவிட்டு வண்டி ஓட்டுபவர்கள் அப்போதுதான் வீடு திரும்புவார்கள்.

போட்டி அன்று புறப்படும் நேரத்துக்கு இரண்டரை மணி நேரம் முன்பே எழுந்திருங்கள். பிப்பை (சட்டையில் குத்திக்கொள்ளும் எண் சீட்டு) மடிக்காதீர்கள், நேரம் பதியும் சிப் பெரும்பாலும் அதன் பின்னால்தான் ஒட்டியிருக்கும். ஜிபிஎஸ் வாட்ச் கடைசியில் 21.3 கி.மீ. காட்டும். வளைவுகளில் மிகக் குறுகிய கோட்டில் அளந்த தூரம்தான் 21.1, நாம் அந்தக் கோட்டிலேயே ஓடுவதில்லை. ஆகவே 2 மணி 30 நிமிடத்துக்குள் முடிக்க 7:06 போதும் என்று கணக்கிடாமல், வாட்ச்சில் 7:02 வருமாறு ஓடுங்கள்.

முதல் 5 கி.மீ. இலக்கைவிட 10 விநாடி மெதுவாக. 16 வரை இலக்கு வேகம். கொடி பிடித்த பேசரோடு, அதாவது குறித்த நேரத்தில் முடிக்கும் வேகத்தில் வழிநடத்துபவரோடு, ஓடும் கூட்டத்தை இங்கே பஸ் என்பார்கள்; உங்கள் நேரத்துக்கான பஸ்ஸில் ஏறிக்கொண்டால் வேகத்தைப் பற்றி நினைக்கவே வேண்டியதில்லை. தண்ணீர் மேசை நெரிசலில் பஸ்ஸை விட்டுவிட்டால் ஒரே மூச்சில் துரத்தாமல், அடுத்த ஒரு கிலோமீட்டரில் படிப்படியாகச் சேருங்கள். 16க்குப் பிறகு தெம்பிருந்தால் பஸ்ஸை விட்டு முன்னே போங்கள். தள்ளாடுபவர், பேச்சு குழறுபவர் யாரைக் கண்டாலும் நின்று தன்னார்வலரை அழையுங்கள், 108க்குச் சொல்லுங்கள். அது வெப்பத் தாக்கமாக இருக்கலாம். மருத்துவ உதவி வரும்வரை நிழலில் கிடத்தித் தலை, கழுத்து, அக்குளில் குளிர்ந்த நீர் ஊற்ற வேண்டும்.

முடித்ததும் உட்காராமல் 10 நிமிடம் நடங்கள். சட்டென்று நின்றால் ரத்தம் காலில் தங்கித் தலை சுற்றும். ஒரு மணி நேரத்துக்குள் சாப்பிடுங்கள். மூன்று நாள் ஓட்டம் வேண்டாம், நடை போதும். அடுத்த ஞாயிறு குழுவுக்குப் போகலாம், ஆனால் 5 கி.மீ.க்கு மேல் வேண்டாம். வியாழன் வேகப் பயிற்சிக்கு இரண்டு வாரம் கழித்துத் திரும்புங்கள்.